அப்பாவுக்காக வாய்விட்டுப் படித்த 7 மாதங்கள்

அப்பாவுக்குக் கண் அழுத்த நோய் என்று தெரிய வந்தபோது வலது கண் பார்வை ஏறக்குறைய போய்விட்டிருந்தது. இடது கண்ணில் நடுவில் மட்டும் கொஞ்சம் மிச்சம். போன பார்வை திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம் என்று மருத்துவர் சொன்னார். அப்பா ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் நாற்காலி மேல் கிடந்த நாளிதழை மடித்து ஓரமாக வைத்தார். ஐம்பது வருடத்துக்கு மேலாகக் காலையில் முதல் வேலையாக அதை விரித்தவர்.

மறுநாளிலிருந்து நான் செய்தி படித்துக் காட்டினேன். ஒரு வாரத்தில் அவருக்கு அலுத்துவிட்டது. "தினமும் இதே சண்டைதாம்மா. பெரிய புத்தகமா ஒண்ணு எடு. சட்டுனு முடியக் கூடாது" என்றார்.

அலமாரியில் பத்து வருடமாகப் பிரிக்காமல் இருந்த 'டான் குவிக்ஸாட்'டை எடுத்தேன். ஸ்பெயின்காரர் செர்வாண்டிஸ் எழுதியது. வீரக்கதைகளைப் படித்துப் புத்தி கலங்கி, தானும் ஒரு வீரன் என்று குதிரையேறிக் கிளம்பிவிடும் ஒருவரின் கதை. முதல் பாகம் 1605-இல் வந்தது, 52 அத்தியாயம். இரண்டாம் பாகம் 1615-இல், 74 அத்தியாயம். அத்தியாயங்கள் பெரும்பாலும் சின்னவை என்பதால் ஒரு மாலைக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளலாம். என்னிடம் இருந்தது ஆங்கில மொழிபெயர்ப்பு. அப்பாவுக்கு ஆங்கிலம் புரியும், ஆனால் கதை கேட்பதென்றால் தமிழில்தான் என்று சொல்லிவிட்டார். அதனால் முந்தின இரவே ஒரு அத்தியாயத்தைப் படித்து வைத்துக்கொண்டு, மறுநாள் மாலை புத்தகத்தைப் பார்த்தபடியே தமிழில் சொல்லிக்கொண்டு போவது என்று ஏற்பாடு செய்துகொண்டோம்.

பதினோராவது அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டேன். டான் குவிக்ஸாட் ஆட்டு இடையர்களோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார். சாப்பிட்டதும் கைநிறைய ஓக் கொட்டைகளை எடுத்து வைத்துக்கொண்டு நீளமாக ஒரு பிரசங்கம் செய்கிறார். அன்று எனக்கு அலுவலகத்தில் வேலை அதிகம். பிரசங்கத்தைத் தாண்டி, இடையன் ஒருவன் பாடும் இடத்துக்குப் போய்விட்டேன். அப்பா கையை உயர்த்தினார். "சாப்பிட உட்கார்ந்தாங்க, உடனே பாட்டுப் பாடறாங்கன்னு சொல்ற. நடுவுல எதையோ விட்டுட்ட போலிருக்கே."

திரும்பிப் போய்ப் படித்தேன். என்னுடையது, உன்னுடையது என்ற இரண்டு சொற்களையும் மனிதர்கள் அறியாமல் இருந்த ஒரு பொற்காலத்தைப் பற்றிய பேச்சு அது. கேட்கும் இடையர்களுக்கு ஒன்றும் புரியவில்லை, வாய் பிளந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அப்பா அதை இரண்டு முறை படிக்கச் சொன்னார். நான் விட்டுவிட நினைத்த பக்கம்தான் அந்த வாரம் முழுக்க அவர் பேசிக்கொண்டிருந்த பக்கம்.

மௌனமாகப் படிக்கும்போது எத்தனை வரிகளைக் கண் தாண்டிப் போகிறது என்பது வாய்விட்டுப் படிக்கும்போதுதான் தெரிகிறது. இருபது வருடமாக வேகமாகப் படிப்பவள் என்று பெயர் வாங்கியிருந்தேன். அந்த மாலைக்குப் பிறகு அந்தப் பெயரில் எனக்குப் பெருமை இல்லை.

யாருக்காவது படித்துக் காட்டப் போகிறவர்களுக்கு நான் கற்றதைச் சொல்லிவிடுகிறேன். முந்தின நாளே ஒரு தரம் படித்துவிடுங்கள், பெயர்களில் தடுமாறினால் கேட்பவருக்குக் கதை அறுந்துபோகும். வெளிநாட்டுப் பெயர் என்றால் ஒரே உச்சரிப்பை முடிவு செய்து கடைசி வரை மாற்றாதீர்கள். அடிக்கடி வராத ஆளாக இருந்தால் பெயரோடு அடையாளத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்: "நாவிதர் நிக்கோலாஸ்", "அந்த விடுதிக்காரர்" என்று. பக்கத்தில் வெந்நீர் இருக்கட்டும். அரை மணிக்கு மேல் போனால் எனக்குத் தொண்டை கட்டிவிடும். நேற்று எங்கே நிறுத்தினோம் என்பதை நீங்கள் சொல்லாதீர்கள், கேட்பவரைச் சொல்ல விடுங்கள். அப்பா சொல்லும் முன்கதையில் எனக்குத் தோன்றாத விஷயங்கள் இருக்கும். "புரிஞ்சுதா?" என்று மட்டும் கேட்கவே கூடாது. முதல் வாரத்தில் நான் கேட்டேன். அவர் முகம் சுருங்கியது.

தொண்டை என்றதும் அம்புரோஸ் நினைவுக்கு வருகிறார். மிலான் நகரத்துக் கிறித்தவ ஆயர். கி.பி. 400 வாக்கில் அகுஸ்தீன் எழுதிய தன்வரலாற்றில் அவர் படிக்கும் காட்சி ஒன்று உண்டு. கண்கள் பக்கத்தின் மேல் போகின்றன, மனம் பொருளைத் தேடுகிறது, குரலும் நாக்கும் சும்மா இருக்கின்றன. பார்க்க வந்தவர்கள் தொந்தரவு செய்ய மனமில்லாமல் சற்று நேரம் உட்கார்ந்துவிட்டு எழுந்து போகிறார்கள். அவர் ஏன் இப்படி மௌனமாகப் படிக்கிறார் என்று அகுஸ்தீன் காரணம் யோசிக்கிறார். வாய்விட்டுப் படித்தால் பக்கத்தில் இருப்பவர் கடினமான இடத்துக்கு விளக்கம் கேட்பாரோ என்னவோ. அல்லது சீக்கிரம் கம்மிப்போகும் குரலைக் காப்பாற்றிக்கொள்ளவோ என்னவோ. அந்தக் காலத்தில் யாருக்குமே மௌனமாகப் படிக்கத் தெரியாது என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுகிறவர்கள் உண்டு. அது மிகை என்றுதான் எனக்குப் படுகிறது. கிரேக்க நாடகங்களிலேயே வாய்க்குள் படிப்பவர்கள் வருகிறார்கள். என்னை நிறுத்தியது அந்த முதல் காரணம்தான். குரல் கொடுத்துப் படிப்பவரிடம் பக்கத்தில் இருப்பவர் கேள்வி கேட்கலாம் என்று அங்கே இருந்திருக்கிறது. எங்கள் வீட்டிலும் அப்படித்தான் ஆனது. கீரைக்காரம்மா, எதிர்வீட்டு மாமா, யார் வந்தாலும் ஐந்து நிமிடம் நின்று, "இந்த ஆளு யாரு, எதுக்குக் குதிரை மேல போறாரு?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள்.

இனி நான் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்ததைச் சொல்கிறேன்.

பத்தாம் வகுப்பில் இருந்த என் மகள் தேர்வு நெருங்கும் நேரத்தில் ராத்திரி முழுக்க ஒரு நாவலில் கிடந்தாள். நான் அந்தப் புத்தகத்தை எடுத்து பீரோவில் என் புடவைகளுக்கு அடியில் வைத்தேன். கேட்டபோது, "எனக்குத் தெரியாது, எங்கேயாவது போட்டிருப்பே" என்றேன். வீடு முழுக்கத் தேடினாள்.

அதற்கு நான்கைந்து நாள் கழித்து ஆறாவது, ஏழாவது அத்தியாயங்கள் வந்தன. படித்துப் படித்து மூளை வறண்டுபோனவர் டான் குவிக்ஸாட். நிலத்தை விற்று வீரக்கதைகள் வாங்கியவர். அவர் தூங்கும்போது பாதிரியாரும் நாவிதரும் அவருடைய நூலக அறைக்குள் நுழைகிறார்கள். வீட்டு வேலைகளைப் பார்க்கும் அம்மாள் புனித நீரைக் கொண்டுவந்து அறை முழுக்கத் தெளிக்கச் சொல்கிறாள். ஒவ்வொரு புத்தகமாக எடுத்து விசாரணை நடக்கிறது. பெரும்பாலானவை ஜன்னல் வழியே முற்றத்தில் விழுந்து எரிகின்றன. கொஞ்சம் தப்பிக்கின்றன, செர்வாண்டிஸ் எழுதிய ஒரு புத்தகம் உட்பட. இதில் கவனிக்க வேண்டியது, பாதிரியாருக்கு அத்தனை புத்தகங்களும் தெரிந்திருக்கின்றன. எது நன்றாக இருக்கும், எதில் எந்த வீரன் வருகிறான், மொழிபெயர்ப்பு எப்படி என்பது வரை சொல்கிறார். எரிப்பவர் அந்த ஊரின் நல்ல வாசகர்.

அப்புறம் அறையின் வாசலைச் சுவர் எழுப்பி அடைத்துவிடுகிறார்கள். இரண்டு நாள் கழித்து எழுந்து வரும் டான் குவிக்ஸாட் கதவு இருந்த இடத்துக்குப் போய்க் கைகளால் சுவரைத் தடவுகிறார். ஒன்றும் பேசாமல் இங்கும் அங்கும் பார்க்கிறார். அறை எங்கே என்று கேட்டதும், மேகத்தில் வந்த ஒரு மந்திரவாதி எல்லாவற்றையும் கொண்டுபோய்விட்டான் என்று அவருடைய சகோதரி மகள் சொல்கிறாள். அவர் அதை நம்பிவிடுகிறார்.

'கைகளால் சுவரைத் தடவினார்' என்று சொன்னபோதே என் குரல் மாறிவிட்டது. எதிரே அப்பா தண்ணீர்ச் செம்பைக் கையால் தேடிக்கொண்டிருந்தார். அந்தப் பெண் சொன்ன பொய்யைத்தான் நானும் என் மகளிடம் சொல்லியிருந்தேன் என்பது அதே வாக்கியத்தைத் தமிழில் சொல்லும்போதுதான் உறைத்தது. அப்பாவுக்குத் தெரிந்திருந்தது. "பிள்ளையோட புத்தகத்தக் குடுத்துடும்மா" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

கொடுத்தேன். நான்தான் எடுத்து வைத்தேன் என்பதையும் சொன்னேன். மூன்று நாள் என்னோடு பேசவில்லை. பிறகு ஒரு மாலை தானாக வந்து, "தாத்தா, இதுல ஒரு இடம் படிக்கட்டுமா?" என்று அந்த நாவலிலிருந்து இரண்டு பக்கம் படித்துக் காட்டினாள். பிள்ளை கையில் இருக்கும் புத்தகம் கவலை தந்தால், பிடுங்குவதற்கு முன் அதில் பிடித்த ஒரு பக்கத்தை வாய்விட்டுப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். புத்தகத்தைப் பற்றி நமக்கிருக்கும் பயத்தில் பாதி அங்கேயே போய்விடும்.

முப்பத்திரண்டாவது அத்தியாயம்தான் எல்லாவற்றையும் மாற்றியது. வழி விடுதி ஒன்றில் எல்லோரும் சாப்பிட்டு முடித்திருக்கிறார்கள். வீரக்கதைகள்தான் டான் குவிக்ஸாட்டின் புத்தியைக் கெடுத்தன என்று பாதிரியார் சொன்னதும் விடுதிக்காரர் மறுக்கிறார். அறுவடைக் காலத்தில் ஓய்வு நாளில் அறுப்பு ஆட்கள் அங்கே கூடுவார்கள். எழுத்துத் தெரிந்த ஒருவன் புத்தகத்தை எடுப்பான், முப்பது பேருக்கு மேல் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். கேட்டால் நரை போய்விடுகிறது, இரவும் பகலும் கேட்டுக்கொண்டே இருக்கலாம் என்கிறார் அவர். அவருக்குப் பிடித்தது வாள் வீச்சு. அவர் மனைவிக்குப் பிடித்தது, கணவர் கதையில் லயித்து அவளைத் திட்ட மறந்துவிடும் அந்த நேரம். வேலைக்காரிக்குக் காதல் காட்சிகள். மகளுக்கு, காதலியைப் பிரிந்த வீரர்கள் புலம்பும் இடங்கள். சில சமயம் அழுதுவிடுவாளாம். ஒரே புத்தகம், ஒரே குரல். கேட்கிற ஒவ்வொருவரும் வேறு கதை கேட்கிறார்கள்.

அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "எழுத்துத் தெரிஞ்ச அந்த ஒருத்தன் நான்தாம்மா."

அப்பா பிறந்தது மன்னார்குடிப் பக்கம் ஒரு கிராமம். பத்து, பன்னிரண்டு வயதில் காலையில் டீக்கடைக்குப் போய் உரக்க தினத்தந்தி படித்துக் காட்டுவாராம். நடவுக்குப் போகும் ஆட்கள் கையில் கிளாஸோடு நின்று கேட்பார்கள். கொலைச் செய்தி என்றால் ஒருவர் இன்னொரு தரம் படிக்கச் சொல்வார், நெல் விலை என்றால் எல்லோரும் பேச்சை நிறுத்துவார்கள். கன்னித்தீவு கடைசியில்தான், அதற்காகவே காத்திருக்கும் ஒரு தாத்தா இருந்தாராம். கடைக்காரர் படிப்புக்குக் கூலியாக ஒரு பன் கொடுப்பார். இதை அப்பா அதுவரை எங்களிடம் சொன்னதே இல்லை. நானூறு வருடத்துக்கு முந்தைய ஸ்பெயின் விடுதிக்காரர்தான் வெளியே கொண்டுவந்தார்.

அன்று இரவு ஒரு நோட்டுப் புத்தகம் போட்டேன். இலக்கியத்தில் யாராவது படிக்கும் காட்சி வந்தால் ஐந்து விஷயங்களைக் குறிப்பேன்: யார் படிக்கிறார், யார் கேட்கிறார், எந்த இடம், எந்த வெளிச்சம், படித்த பிறகு என்ன நடக்கிறது. முன்பு படித்த புத்தகங்களை மறுபடி எடுத்து, அந்தக் காட்சிகளை மட்டும் ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். பெரிய கோட்பாடு எதுவும் தெரியாமலே ஒரு வரலாறு கண் முன்னால் விரிய இந்த ஐந்து கேள்விகள் போதும்.

பழைய காட்சிகளில் எல்லாம் காதுதான். ஹோமரின் ஒடிசியில் அரசவையில் பார்வையில்லாத பாடகன் டிராய்ப் போரைப் பாடுகிறான். யார் என்று சொல்லாமல் விருந்தாளியாக உட்கார்ந்திருக்கும் ஒடிசியஸ் தன் கதையைத் தானே கேட்டு, மேலாடையால் முகத்தை மூடி அழுகிறான். வால்மீகி ராமாயணத்தில் லவனும் குசனும் ராமன் முன்னாலேயே ராமகதையைப் பாடுகிறார்கள். அப்பா இரண்டையும் சேர்த்துக் கேட்டுவிட்டு, "கண்ணு தெரியாதவன் பாடறான், தெரிஞ்சவன் கேக்கறான். நம்ம வீட்ல தலைகீழ்" என்றார்.

தாந்தே எழுதிய காவியத்தின் நரகப் பகுதியில் இரண்டு பேர் படிக்கிறார்கள். பிரான்செஸ்காவும் அவள் கணவனின் தம்பி பாவ்லோவும். படிப்பது லான்ஸ்லாட் என்ற வீரனின் காதல் கதை. முத்தம் வரும் இடத்தில் அவர்களும் முத்தமிட்டுக்கொள்கிறார்கள். அன்று அதற்கு மேல் நாங்கள் படிக்கவில்லை என்று மட்டும் சொல்கிறாள் அவள்.

அச்சுப் புத்தகம் பெருகப் பெருக என் நோட்டில் 'யார் கேட்கிறார்' என்ற பத்தி காலியாகிக்கொண்டே வந்தது. தனியாகப் படிக்கிறவர்கள் வருகிறார்கள், கூடவே அவர்களைப் பார்த்துப் பயப்படுகிறவர்களும் வருகிறார்கள். அதிலும் படிக்கிறவள் பெண் என்றால் பயம் இரட்டிப்பு. 1847-இல் வந்த 'ஜேன் அய'ரின் முதல் காட்சியில் பத்து வயதுப் பெண் ஜன்னல் திண்ணையில், சிவப்புத் திரைக்குப் பின்னால் ஒளிந்து பறவைகளைப் பற்றிய புத்தகம் பார்க்கிறாள். மாமா மகன் கண்டுபிடித்து, எங்கள் புத்தகத்தைத் தொட உனக்கு உரிமை இல்லை என்று அதையே அவள் மேல் எறிகிறான். தலை கதவில் மோதி ரத்தம் வருகிறது. ஃப்ளோபேரின் 'மேடம் பொவாரி' நாவலில் வரும் எம்மாவுக்கு, கன்னியர் மடத்தில் துணி தைக்க வரும் ஒரு வயதான பெண் மேலங்கிப் பையில் நாவல்களை ஒளித்துக் கொண்டுவந்து தருகிறாள். பின்னால் மாமியார் செய்யும் வேலை, வாடகை நூலகத்தில் எம்மாவின் சந்தாவை நிறுத்தச் சொல்வது. அந்த நாவல் மீதே 1857-இல் பாரிசில் வழக்கு நடந்தது. இது கல்யாணமாகாத பெண்கள் கையிலும் கல்யாணமானவர்கள் கையிலும் போய்ச் சேருமே என்பது அரசு வழக்கறிஞரின் வாதங்களில் ஒன்று. ஃப்ளோபேர் விடுதலையானார்.

எம்மாவை நான் கல்லூரியில் படித்தபோது, புத்தகம் படித்துக் கெட்டுப்போனவள் என்றுதான் எங்களுக்குப் பாடம் நடத்தினார்கள். இப்போது நோட்டைப் பார்த்தால் வேறு மாதிரி தெரிகிறது. அவள் படித்ததைப் பற்றிப் பேச அவளுக்கு ஓர் ஆள் இல்லை. கணவன் சார்லஸ் நல்லவன், ஆனால் அவள் படிக்கும்போது எதிரே தூங்கிவிடுகிறவன். ஜேன் ஆஸ்டினின் காதரீன் 'நார்த்தாங்கர் அபே'யில் பேய்க் கதைகளைப் படித்துவிட்டு, புயல் அடிக்கும் ராத்திரியில் அலமாரிக்குள் ஒரு காகிதச் சுருளைக் கண்டு நடுங்குகிறாள். விடிந்து பார்த்தால் சலவைக் கணக்கு. அவளும் எம்மா மாதிரியே படித்தவள்தான். ஆனால் அவளுக்கு ஹென்றி டில்னி இருக்கிறான். தானும் அந்தக் கதைகளை மயிர்க்கூச்செறியப் படித்ததாகச் சொல்பவன், அவளோடு வாதம் செய்பவன். ஆஸ்டின் கதையை நிறுத்திவிட்டு நாவல் படிப்பவர்களுக்காக ஒரு பக்கம் கோபமாக எழுதுகிறார். நாவலில் வரும் பெண்களே நாவலை இகழ்ந்தால் வேறு யார்தான் அதைக் காப்பாற்றுவார்கள் என்று கேட்கிறார். எனக்கு மிகவும் வேண்டிய பக்கம் அது. மகளிடம் காட்டினேன்.

டான் குவிக்ஸாட் முடியப்போகும் சமயத்தில் அப்பாவுக்கு மனசு கேட்கவில்லை. மெதுவாகப் படி என்றார். இரண்டாம் பாகத்தின் 66-ஆவது அத்தியாயத் தலைப்பைச் சொன்னபோது இரண்டு பேருமே பேச்சற்றுப்போனோம். படிக்கிறவர் காணப்போவதை, படிக்கக் கேட்கிறவர் கேட்கப்போவதைச் சொல்லும் அத்தியாயம் என்று அதற்குத் தலைப்பு. "ரெண்டு பேரையும் போட்டிருக்கான் பாரு" என்றார் அப்பா.

முடித்த அன்று என்ன செய்வது என்பதை உ.வே. சாமிநாதையரிடமிருந்து எடுத்துக்கொண்டேன். 1880-இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார், சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்ட கேள்வியில் சாமிநாதையரின் வாழ்க்கையே திரும்பியது. பாட்டுக்குப் பொருள் தேடி அலைந்த நாட்களில் அவர் அந்த ஊர்ச் சமணர் வீடுகளுக்குப் போகிறார். ஒரு நாள் ஒரு வீட்டில் விசேஷக் களை தெரிகிறது. என்ன விசேஷம் என்று கேட்டால், இன்று சிந்தாமணி படித்துப் பூர்த்தியாயிற்று என்கிறார்கள். தான் ஏட்டுச் சுவடியில் தட்டுத்தடுமாறும் நூல் அங்கே ஒரு குடும்பம் கூடிக் கேட்டு முடிக்கிற நூலாக இருக்கிறது. 1887-இல் அவர் அதைப் பதிப்பித்தார். தன்வரலாற்றில் இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் அந்த வீட்டுக்குள் போய் உட்கார வேண்டும் போலிருக்கும். நாங்களும் வாசலில் பெரிய கோலம் போட்டோம், பால் பாயசம் வைத்தோம். கீரைக்காரம்மாவும் எதிர்வீட்டு மாமாவும் வந்தார்கள். "அந்தக் குதிரைக்காரர் கடைசில என்ன ஆனாரு?" என்று கேட்ட கீரைக்காரம்மாவுக்கு அப்பாதான் கதை சொன்னார், முக்கால் மணி நேரம்.

இப்போது புஷ்கினுடைய 'ஒனேகி'னில் இருக்கிறோம். அதில் ஊரை விட்டுப் போய்விட்ட ஒனேகினின் வீட்டுக்குத் தத்யானா போகிறாள். அவன் புத்தகங்களை எடுத்துப் பார்க்கிறாள். ஓரங்களில் நகத்தால் கீறிய தடங்கள், பென்சிலால் ஒரு சிலுவைக் குறி, ஒரு சொல், ஒரு கேள்விக்குறி. நேரில் பிடிபடாத மனிதன் அந்தக் கோடுகளில் மெல்லப் பிடிபடுகிறான்.

அதைக் கேட்டதும் அப்பா, பரணில் இருக்கும் தன் பழைய டிரங்குப் பெட்டியை இறக்கச் சொன்னார். அட்டை போன பத்துப் பன்னிரண்டு புத்தகங்கள். பக்க ஓரங்களில் பென்சிலால் சின்னச் சின்னப் புள்ளிகள். கோடு போட்டால் புத்தகம் கெட்டுவிடும் என்று புள்ளி மட்டும் வைப்பாராம். ஒனேகினை ஓரமாக வைத்துவிட்டுப் புள்ளி வைத்த வரிகளை மட்டும் படித்தேன். ஒவ்வொன்றுக்கும் காரணம் சொன்னார்: இது வேலை கிடைக்காத வருஷம், இது உன் அம்மாவைப் பெண் பார்க்கப் போன சமயம். ஒரு வரியில் மட்டும் அடுத்தடுத்து இரண்டு புள்ளிகள். மழைக்கு முன் காற்று நின்றுபோவதைச் சொல்லும் சாதாரண வரி. நெற்றியைச் சுருக்கி வெகுநேரம் யோசித்தார்.

"எதுக்கு வச்சேன்னு ஞாபகம் இல்லம்மா. இன்னொரு தரம் படி."